இதயம் மாற்றுவதற்கு முன்னால் இவ்வளவு கேள்வியா?

“இதயத்தையே மாத்தணும்னு சொல்லிட்டாங்களாமே, எப்ப ஆபரேஷன்?”

என் மச்சான் சென்னைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் காரைக்கால் கோட்டுச்சேரிமேட்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதுதான். மீன் ஏலம் போகும் இடத்தில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் கேட்கிறார்கள், கோட்டுச்சேரி கடைத்தெருவில் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீண்டுவிடுகிறது. அதனால்தான் பொறுமையாக உட்கார்ந்து இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நம் கரையில் இன்னொரு குடும்பத்துக்காவது இது உதவும்.

மாற்று இதயம் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்வது ஒன்று. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே நோயாளியைத் தலை முதல் கால் வரை, வீடு வாசல் வரை, மனசு வரை சோதித்துப் பார்க்கும் ஒரு காலம் இருக்கிறது. அந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து இரண்டே கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகின்றன. மாற்றியே ஆகவேண்டிய அளவுக்கு இவர் இதயம் கெட்டுப்போயிருக்கிறதா? மாற்றினால் அதைத் தாங்கி வாழும் அளவுக்கு உடம்பின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றனவா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று வரும் வரை அவசரமில்லை. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று வந்துவிட்டால் வாய்ப்பில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் காலம் குறுகியது. அதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். முதலில் வலை இழுக்கும்போது மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்றார். பிறகு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணை, மூன்று தலையணை என்று ஏறியது. வாயு என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போனபோதுதான் எக்கோ எடுத்தோம். பம்பிங் 20 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. இதயத்தின் இடப்பக்க கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயத்தில் 55-க்கு மேல் இருக்கும். ஆஞ்சியோ பார்த்தால் ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. இதயத் தசையே தளர்ந்து, அறை பெரிதாக விரிந்துபோயிருந்தது.

பம்பிங் 20 என்றால் உடனே இதயத்தை மாற்றிவிடுவார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையில் முதலில் செய்தது மாத்திரைகளைத் திருத்தியதுதான். இதயச் செயலிழப்புக்கு இன்றைக்கு நான்கு வகை மருந்துகள் முக்கியம். பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வல்சார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன், சர்க்கரை நோய்க்காக வந்து பிறகு இதயத்துக்கும் நல்லது என்று தெரிந்த டபாகிளிஃப்ளோசின் போன்றவை. நான்கையும் உடம்பு தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். சிலருக்கு இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர் வகைக் கருவி வைப்பார்கள். இதிலேயே பம்பிங் ஏறி, மாற்று இதயமே தேவையில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அதைவிட நல்ல முடிவு வேறில்லை. மச்சானுக்கு அப்படி நடக்கவில்லை. மருந்தை ஏற்றினால் பிரஷர் இறங்கியது, தலை சுற்றியது. ஒரே வருஷத்தில் திரும்பத் திரும்ப அட்மிட் ஆனார். இவை இரண்டும் கெட்ட அறிகுறி என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகுதான் மற்ற சோதனைகள் ஆரம்பித்தன.

முதலில் சைக்கிள். ஓர் அறையில் நிறுத்திவைத்த சைக்கிளில் ஏற்றி உட்காரவைத்து, மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி மாட்டி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மிதிக்க மிதிக்க பெடல் கனமாகிக்கொண்டே போகும். உள்ளே இழுக்கும் காற்றில் எவ்வளவு ஆக்சிஜனை உடம்பு எடுத்துக்கொள்கிறது என்பதைக் கருவி அளந்துகொண்டே இருக்கும். உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று கணக்கு வரும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு அது 12 அல்லது அதற்குக் கீழே, சாப்பிடாதவருக்கு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மாற்று இதயம் பற்றி யோசிக்கலாம் என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், அந்த வயதில் இருக்கவேண்டிய அளவில் பாதி தேறுகிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் படகைத் தோளால் நெட்டித் தள்ளுகிற மனுஷன், சில நிமிஷத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். நெற்றி வியர்வை முகமூடியின் ஓரத்தில் வழிந்தது. அந்தத் தொழில்நுட்பப் பணியாளர், “இன்னும் கொஞ்சம்யா, இன்னும் ரெண்டு மிதி” என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பாதி முயற்சியில் நிறுத்திவிட்டால் கணக்கு தப்பாகிவிடுமாம். ஆகவே யாராவது இந்தச் சோதனைக்குப் போனால், முடிந்த மட்டும் மிதியுங்கள். அங்கே மார்க் வாங்குவதற்கு ஒன்றுமில்லை, உண்மை நிலவரம் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது எல்லோரும் பயப்படுவது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் வலப்பக்கத்தையும் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் அழுத்தத்தையும் அளப்பது. மரத்துப்போக ஊசி போட்டுவிடுகிறார்கள், பெரிய வலி இல்லை. இதை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. இடப்பக்கம் சரியாக ரத்தத்தைத் தள்ளாவிட்டால், அது பின்னால் நுரையீரலில் தேங்கும். வருஷக்கணக்கில் தேங்கினால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, அங்கே அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடும். புதிதாக வைக்கும் இதயத்தின் வலப்பக்கம் அந்த அழுத்தத்தைக் கண்டதே கிடையாது. ஆற்றில் மட்டும் ஓடிப் பழகிய இன்ஜினைப் புயல் நேரத்து முகத்துவாரத்தில் இறக்குகிற மாதிரி, ஆபரேஷன் மேஜையிலேயே அது திணறி நின்றுவிடும். அழுத்தம் கூடுதலாக இருந்தால், அப்போதே மருந்து செலுத்தி இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இறங்கினால் நம்பிக்கை. உடனே இறங்காவிட்டால் சில வாரம், சில மாதம் மருந்து கொடுத்தோ, இதயத்துக்கு உதவும் பம்ப் கருவியைப் பொருத்தியோ இறக்கப் பார்ப்பார்கள். எதற்கும் இறங்கவில்லை என்றால் வேறொருவர் இதயத்தை மட்டும் வைப்பது ஆபத்து. பட்டியலில் ஏறிய பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த அளவைத் திரும்ப எடுக்கிறார்கள், ஏனென்றால் காத்திருக்கும்போதும் அது ஏறலாம்.

பிறகு உடம்பின் மற்ற பாகங்கள். சிறுநீரகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். வைத்த இதயத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை ஆயுசு முழுக்கச் சாப்பிடவேண்டும். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் அதைத் தாங்காது. கல்லீரல், நுரையீரல், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கால் ரத்தக்குழாய், எலும்பு வலு எல்லாம் பார்த்தார்கள். புற்றுநோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று வயதுக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்றபடி சோதனைகள் உண்டு. ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, அதோடு காசநோய். நம் நாட்டில் காசநோய்க் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டே இருப்பது சாதாரணம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை உள்ளே போனதும் அது எழுந்துவிடலாம்.

பல் டாக்டரிடம் அனுப்பியபோது அக்கா குழம்பிப்போனாள். “நெஞ்சுக்கு வந்தவரை எதுக்குத் தம்பி பல்லு பாக்கச் சொல்றாங்க?” என்றாள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமிகூட அந்த மாத்திரைகள் சாப்பிடும் உடம்பில் பெரிய வினையாகிவிடும் என்று அங்கே விளக்கினார்கள். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு உலகத்தில் முதல் முறையாக மனிதனுக்கு மனித இதயத்தை மாற்றினார். வைத்த இதயம் வேலை செய்தது. ஆனால் நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18-ஆவது நாள் நிமோனியாவில் போய்விட்டார். கிருமிதான் இதில் எமன் என்பதை அந்த முதல் சிகிச்சையே சொல்லிவிட்டது. அதனால்தான் பல்லைப் பார்க்கிறார்கள், தடுப்பூசிகளை முன்கூட்டியே போடுகிறார்கள்.

ரத்தத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ரத்த வகை பொருந்தவேண்டும், கொடுப்பவரின் உடல் அளவும் ஓரளவு ஒத்துவர வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு மேல், பிறருடைய திசுவை எதிர்க்கும் புரதங்கள் நம் ரத்தத்தில் ஏற்கெனவே உருவாகியிருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், பல பிள்ளைகள் பெற்ற பெண்களுக்கும் இவை கூடுதலாக இருக்கலாம். அப்படி இருந்தால் பொருந்தும் இதயம் கிடைக்க அதிக காலம் காத்திருக்கவேண்டி வரும்.

இத்தனையும் உடம்புச் சோதனை. எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் உட்கார்ந்து பேசிய அந்த மத்தியானம்தான். அறையில் மச்சானும் அக்காவும் நானும் இருந்தோம்.

“ஐயா, பீடி, சிகரெட், புகையிலை உண்டா?”

“இல்லீங்க மேடம்.”

அந்த அம்மா கோபப்படவில்லை. “சிறுநீர்ல பாத்தா தெரிஞ்சிடும்யா. சோதிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்ல, நீங்களே சொன்னா நல்லாருக்கும்” என்றார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, “வாயில அதக்குவேன். கடலுக்குப் போனா தூக்கம் வராம இருக்க. முன்னாடி சாராயமும் உண்டு. இப்ப இல்ல” என்றார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அழாதீங்கம்மா. இப்ப உண்மைய சொன்னாருல்ல, இனிமே வழி இருக்கு” என்றார் அந்த அம்மா. பிறகு அக்காவிடம் கேட்டார். “மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பீங்க? நேரம் தவறுனா என்ன ஆகும்னு தெரியுமா? உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா அடுத்து யாரு? வீட்ல குடிதண்ணி எங்கேருந்து வருது? கருவாடு இல்லாம சாப்பிடுவாரா?” ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

கருவாடு இல்லாத சோறு நம் கரையில் யாருக்கு இறங்கும்? ஆனால் உப்புதான் தண்ணீரைப் பிடித்து வைத்து, காலையும் நுரையீரலையும் வீங்கவைக்கிறது. சாராயம் நம் காரைக்காலில் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அளவுக்கு மீறிய குடி இதயத் தசையையே தளரவைக்கும் என்பதும், குடியை விட்டால் சிலருக்கு அந்தத் தசை தேறிவிடும் என்பதும் அங்கே போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது. புகையிலை விடவேண்டும், ஆறு மாதம் சுத்தமாக இருக்கவேண்டும், திரும்பவும் சோதிப்போம் என்றார்கள்.

பணத்தைப் பற்றியும் அங்கேயே பேசிவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை ஒரு செலவு. ஆயுசுக்கும் வாங்கவேண்டிய மாத்திரையும், கழுத்து வழியாக இதயத் தசையில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிகளும் தொடர்ந்து வரும் செலவு. இங்கேதான் நம் ஊருக்கு ஒரு சிக்கல். வடக்கே தரங்கம்பாடி தமிழ்நாடு, தெற்கே நாகூர் தமிழ்நாடு, நடுவில் நாம் புதுச்சேரி. தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்குத்தான். நம் கையில் இருப்பது புதுச்சேரி அட்டை. ஆயுஷ்மான் பாரத் அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பம் போடலாம். எது எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சோதனைகள் தொடங்கும் முன்பே அங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். இன்னொன்று தூரம். எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். நாம் சென்னைக்குப் போய்ச் சேரவே அதற்கு மேல் ஆகும். ஆகவே பட்டியலில் பெயர் ஏறினால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கவேண்டும், கூடவே ஓர் ஆள் இருக்கவேண்டும். அக்கா போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்விதான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எங்கள் பஞ்சாயத்தார் ஒருவர் என்னிடம் வருத்தமாகக் கேட்டார். அவருக்கு நான் 2008 செப்டம்பரை நினைவுபடுத்தினேன். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்கள் மகன் ஹிதேந்திரன், 15 வயசு. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றவர்கள் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் அந்த இதயம் போய்ச் சேர்ந்தது, ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாடு முழுக்க அன்றைக்கு அழுதது. உறுப்பு தானம் இங்கே ஓர் இயக்கமாக ஆனது அதற்குப் பிறகுதான். இந்தியாவில் 1994-இல் சட்டம் வந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று சிகிச்சையைச் செய்திருந்தாலும், சாதாரண ஜனங்களின் மனசைத் திறந்தது அந்தப் பையன்தான். இன்று தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

ஒவ்வொரு இதயமும் அப்படி ஒரு வீட்டின் துக்கத்திலிருந்து வருகிறது. அதை விலைக்கு வாங்க முடியாது, வாங்கினால் குற்றம். ஒருவருக்குக் கொடுத்தால், காத்திருக்கும் இன்னொருவருக்கு அது இல்லை. வாங்கிக்கொண்டவர் ஒரு வருஷத்தில் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பெற்றோர் கொடுத்தது வீண். இதைச் சொன்னதும் பஞ்சாயத்தார், “அப்ப கேக்கட்டும்ப்பா, நல்லாவே கேக்கட்டும்” என்றார்.

எல்லா அறிக்கையும் வந்த பிறகு இதய டாக்டர், அறுவை நிபுணர், மயக்க மருந்து டாக்டர், சிறுநீரக டாக்டர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர், உணவு நிபுணர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். தனி ஒருவர் கையில் முடிவு இல்லை. மச்சானுக்கு முதலில் வந்த பதில் ‘இப்போதைக்கு இல்லை’. புகையிலை, பல், சிறுநீரகம் மூன்றையும் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். வீடு இடிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அது மறுப்பு அல்ல, செய்து முடிக்கவேண்டிய வேலை. மச்சான் செய்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லோரும் கடலுக்கு இறங்கிய நாளில்கூட வாயில் ஒன்றும் போடாமல் கரையில் நின்றார். திரும்பச் சோதித்து, பெயரைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது சென்னையில் காத்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கும் இதே நோய்தான். அவர் வருஷக்கணக்கில் ஆஸ்துமா என்று நம்பி மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுபோனபோது நுரையீரல் அழுத்தம் எந்த மருந்துக்கும் இறங்கவில்லை, சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. குழு ‘முடியாது’ என்றது. மச்சானைவிட அவர் இளையவர். இரண்டு பேருக்கும் வித்தியாசம் காலம் ஒன்றுதான்.

கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. விரிந்த இதய நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய ஓர் ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் சின்ன ஒரு துண்டு விடுபட்டிருப்பது தெற்காசிய மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அது வயதாக ஆக இதயத் தசை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அது காட்டியது. மச்சானின் தம்பிகளும் பிள்ளைகளும் எக்கோ எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிற நம் கரைக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். மல்லாந்து படுக்க முடியவில்லை, கால் வீங்குகிறது, வலை இழுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் வாயு என்று விடாதீர்கள், எக்கோ எடுங்கள். ஏற்கெனவே பம்பிங் குறைவு என்று தெரிந்து, ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை அட்மிட் ஆனாலும், பிரஷர் இறங்குகிறது என்று மாத்திரையைக் குறைத்தாலும், நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனாலும், உங்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மாற்று சிகிச்சை செய்யுற ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாமா சார்?” கேட்டுப் போய், தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். தேவை என்றால், நேரத்தோடு போயிருக்கிறீர்கள். அங்கே எதையும் மறைக்காதீர்கள்.